மடிப்பு முகட்டில் ஒரு குளம்

ஆட்டுக்காரருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கையெழுத்து. குளத்துக் கரையில் பதினோரு அடிக்கு விழுந்திருந்த உடைப்பை அவரே, தன் மண்வெட்டியால், தன் முதுகை ஒடித்து அடைத்துக்கொள்ளலாம் என்று ஓர் அதிகாரி ஒரு தாளில் கிறுக்கித் தந்தால் போதும். அதற்காக அவர் அலைந்த கதை இது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் மேய்ச்சல் நிலம். முழங்கால் உயரப் புல், அங்கங்கே முள், மிச்சமெல்லாம் வானம். வருஷத்துக்கு இருபது நாள் மழை பெய்தால் அது நல்ல வருஷம். அந்த இருபது நாளில் குளத்தில் நிற்கிற தண்ணீரைத்தான் அவருடைய எழுபத்திரண்டு செம்மறிகளும் வருஷம் முழுக்கக் குடிக்க வேண்டும். போன மழையின் கடைசி நாளில் கரை உடைந்து, இருந்ததெல்லாம் ஓடிப்போய் மணலுக்குள் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து ஆறு மைல் தள்ளி ஒரு கிணற்றுக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கிணறும் அடியைக் காட்டத் தொடங்கிவிட்டது. அடுத்த மழைக்கு ஏழு வாரம். அதற்குள் உடைப்பை அடைக்காவிட்டால் ஆடுகளைக் கைமாற்றிவிட்டு நகரத்துக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போக வேண்டியதுதான். அவர் மச்சான் அப்படித்தான் போனார். இப்போது ஒரு நீச்சல்குளத்தைக் காவல் காக்கிறார்.

அடைப்பது பெரிய வேலையும் இல்லை. நாலு வண்டி களிமண், இரண்டு நாள், அக்கம்பக்கத்து மேய்ச்சல்காரர்கள் ஆறு பேர். எல்லாரும் கூடி முதல் கூடை மண்ணைக் கொட்டியபோது ஒரு ஜீப் வந்து நின்றது.

"யாரைக் கேட்டு மண்ணு போடறீங்க? இது மாதிரி நீர்ப்பிடிப்புப் பகுதி. தெரியுமா?"

"எது மாதிரிங்க?" என்றார் ஆட்டுக்காரர்.

"எது மாதிரியும் இல்லைய்யா. இதுவே மாதிரி. மத்த இடத்துக்காரங்க வந்து பார்த்துக் கத்துக்கற பகுதி. இங்க அனுமதி இல்லாம ஒரு கூடை மண்ணு போட்டாலும் குத்தம், எடுத்தாலும் குத்தம்."

"அப்ப போட்ட ஒரு கூடையை எடுத்துடவா சார்?"

ஜீப்காரர் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கும் மனு போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"தண்ணி பிடிக்கிற இடத்துல தண்ணியைப் பிடிச்சா குத்தமாம்" என்றாள் ஆட்டுக்காரரின் மனைவி, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தபடி. "போங்க. போய் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. மனுஷங்கதானே, கடிச்சா தின்னுடப் போறாங்க?"

நீர்ப்பிடிப்பு மேலாண்மை அலுவலகம் இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் மூன்றடுக்கு சிமென்ட் நீரூற்று ஒன்று இரவும் பகலும் பொழிந்துகொண்டிருந்தது. கீழே 'நீர் சிக்கன விழிப்புணர்வு நீரூற்று' என்று எழுதியிருந்தது. ஆட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. கட்டடத்தைப் பார்த்தால் கழற்றத் தோன்றியது.

முன்னறை எழுத்தர் ஒரு படிவத்தை எடுத்தார். "மழை பெஞ்சா உங்க இடத்துல தண்ணி எந்தப் பக்கம் ஓடுது? மேல் வடிநிலத்துக்கா, கீழ் வடிநிலத்துக்கா?"

"எந்தப் பக்கமும் ஓடாதுங்க. குளத்துல நிக்கும்."

"நிக்கும்னு ஒரு கட்டம் இதுல இல்லையே." எழுத்தர் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "மாடியில வரைபட அதிகாரியைப் பாருங்க. தண்ணி எங்க ஓடுதுன்னு அவருக்குத்தான் தெரியும்."

வரைபட அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். சுவர் முழுக்க விரிந்திருந்த படத்தில் குளம் எங்கே என்று காட்டச் சொன்னார். ஆட்டுக்காரர் விரல் வைத்த இடத்தின் மேல் ஒரு தடித்த பழுப்புக் கோடு வடக்கிலிருந்து தெற்காக நேராக ஓடியது.

"இங்கயா? இது நீர்ப்பிரி முகடாச்சே!"

"அப்படின்னா?"

"மழைத்தண்ணி ரெண்டு பக்கமும் பிரிஞ்சு ஓடற மேடு. இதுக்கு மடிப்பு முகடுன்னு பேரு. உயரம் தொண்ணூறு அடி."

"சார், அங்க மேடே கிடையாதுங்க. உருட்டி விட்டா கோலிக்குண்டுகூட நகராது."

"நீங்க மேட்டு மேலயே குடியிருக்கீங்க. உங்களுக்கு எப்படி மேடு தெரியும்?" வரைபட அதிகாரி பரிவோடு கேட்டார். "பொறுமையாக் கேளுங்க. முகட்டுல குளம் இருக்காது. குளம் இல்லேன்னா கரை இல்லை. கரை இல்லேன்னா உடைப்பு இல்லை. இல்லாத உடைப்பை அடைக்க நான் எப்படி அனுமதி தர முடியும்?"

அவர் சொன்ன விதத்தில், பிரச்சினை தீர்ந்துவிட்டதோ என்றுகூட ஆட்டுக்காரருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. பாதிப் படி இறங்கிய பிறகுதான் ஆடுகள் ஞாபகம் வந்தது. திரும்ப ஏறினார்.

"ஒண்ணு செய்யுங்க" என்றார் அதிகாரி. "அடுத்த வாரம் மக்கள் பங்கேற்புக் கூட்டம் இருக்கு. மக்கள் எதைச் சொன்னாலும் நாங்க பதிவு பண்ணியே ஆகணும். அங்க வந்து சொல்லுங்க."

கூட்டம் துணிப்பந்தலில் நடந்தது. மக்கள் பத்தொன்பது பேர்; அவர்களைப் பங்கேற்க வைக்க வந்திருந்தவர்கள் முப்பத்தொரு பேர். பங்கேற்பு அலுவலர் துறுதுறுவென்று இருந்த ஒரு பெண்மணி. ஆளுக்கு மூன்று அட்டை கொடுத்தார். நீலம் கனவு, மஞ்சள் கவலை, பச்சை தீர்வு.

"எல்லாரும் கண்ணை மூடிக்கங்க. நீங்க ஒரு மழைத்துளி. மேலேருந்து விழறீங்க. எங்க போகணும்னு உங்க மனசு ஆசைப்படுது? ஐயா, நீங்க சொல்லுங்க."

"குளத்துக்குங்க" என்றார் ஆட்டுக்காரர், கண்ணைத் திறக்காமல்.

"இன்னும் ஆழமாப் போங்க."

"ஆழந்தாங்க. நடுவுல ஒம்பதடி."

அவர் மஞ்சள் அட்டையில் 'உடைப்பை அடைக்க அனுமதி வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார். அலுவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கவலையா, தீர்வா?"

"கவலையும் என்னுதுதான், தீர்வும் நான்தான் செய்யணும்."

"அப்ப பச்சையிலயும் எழுதுங்க. இது உங்க கனவும்தானே? நீலத்துலயும் எழுதிடுங்க." மூன்றிலும் அதையே எழுதினார். 'மக்கள் பன்முகப்பட்ட கருத்துகளை வண்ணமயமாக வெளிப்படுத்தினர்' என்று பின்னால் அறிக்கையில் வந்தது.

கடைசியில் இயக்குநர் பேசினார். அவர் எழுந்ததும் முப்பத்தொரு பேரும் எழுந்தார்கள். அவர்கள் எழுந்ததைப் பார்த்து, ஏதோ ஆகிவிட்டது என்று பத்தொன்பது பேரும் எழுந்தார்கள்.

"அன்பர்களே! தண்ணீரைத் தேக்குவது சுலபம். ஒரு பள்ளம்கூட அதைச் செய்துவிடும். ஆனால் ஒரு பள்ளத்துக்குத் தொலைநோக்கு உண்டா? செயல்திட்டம் உண்டா? இந்த அலுவலகம் தொடங்கிப் பத்தாண்டுகள் ஆகின்றன. நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்: இந்தப் பத்தாண்டுகளில் இங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எங்கள் அனுமதி இல்லாமல் தேங்கியதில்லை!" கைதட்டல் எழுந்தது. "அனுமதியோடு எவ்வளவு தேங்கியது என்று சிலர் கேட்கிறார்கள். குறுகிய மனங்கள்! நாங்கள் முதலில் மக்களின் உள்ளத்தில் நீரைத் தேக்கிக்கொண்டிருக்கிறோம். அது நிரம்பிய பிறகுதான் நிலத்துக்கு வருவோம்."

"உள்ளத்துல நிரம்பினதை ஆடு எப்படிக் குடிக்கும்?" என்று மனைவி கேட்டாள், கொஞ்சம் சத்தமாகவே. இரண்டு வரிசை முன்னால் இருந்த ஓர் அதிகாரி அதையும் நீல அட்டையில் குறித்துக்கொண்டார்.

மழைக்கு நான்கு வாரம் இருந்தபோது ஆட்டுக்காரர் மறுபடி மாடி ஏறினார். வரைபட அதிகாரி அலமாரியிலிருந்து மூலப் படத்தையே எடுத்துக் காட்டினார். அந்தக் கால நில அளவையாளர் கையால் வரைந்தது. நாலாக மடித்து வைத்திருந்தது. "பாருங்க, இதுலயே முகடு இருக்கு. பென்சில்ல குறிப்பே எழுதியிருக்கு. 'மடிப்பு.' நிலம் ரெண்டு பக்கமும் நெருக்கி மேல எழும்பறதை நிலவியல்ல மடிப்புன்னுதான் சொல்லுவோம்."

ஆட்டுக்காரர் குனிந்து பார்த்தார். பழுப்பேறிய ஒரு கோடு. பக்கத்தில் பென்சிலில் 'மடிப்பு'. அதற்குப் பிறகும் ஏதோ இரண்டு வார்த்தை அழிந்துபோயிருந்தது. அதிகாரி படத்தை மடித்து வைக்கத் தொடங்கினார். தாள் தானாகவே, பழகிய மாடு கொட்டிலுக்குப் போவதுபோல, அந்தக் கோட்டின் மேல் மடிந்தது.

"சார்," என்றார் ஆட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "இது தாளு மடிச்ச மடிப்புங்களே?"

வரைபட அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? வேலைக்குச் சேர்ந்த மூணாவது நாளே தெரியும். 'மடிப்பு, கோடு அல்ல'ன்னு எழுதியிருக்காரு அந்த மனுஷன். நல்லவரு. பாதி அழிஞ்சு போச்சு. அடுத்து நகல் எடுத்தவரு மடிப்பை மையால வரைஞ்சாரு. அதுக்கடுத்தவரு உயரம் போட்டாரு."

"அப்ப அழிச்சிடலாமே சார்?"

"எதை? மலையையா? அதோட கிழக்குச் சரிவுல நாற்பதாயிரம் கன்னு நட்டிருக்கு, ஃபைல்ல. மேற்குச் சரிவுல மண்ணரிப்புத் தடுப்பு. ரெண்டு வடிநிலத்துக்கும் தனித்தனி அலுவலர், தனித்தனி ஜீப்பு. இயக்குநர் முனைவர் பட்டம் வாங்கினதே அந்த முகட்டோட காற்றோட்டத்தைப் பத்தித்தான். மலையை ஏத்தறதுக்கு ஒரு பென்சில் போதும். இறக்கறதுக்கு விதி கிடையாதுங்க." குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு உதவி செய்யறேன். இயக்குநரைக் களஆய்வுக்கு அழைச்சிட்டு வரேன். நேர்ல பார்த்தாராவது..."

மழைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மூன்று ஜீப்புகள் வந்தன. இயக்குநர் மலையேறும் காலணியும் ஊன்றுகோலுமாக இறங்கினார். ஓட்டுநர் தோளில் கயிறு இருந்தது. ஜீப்பை நிறுத்திய இடத்திலிருந்து குளத்துக்கு இருநூறு கஜம், தட்டுபோன்ற தரை. அதில் அவர்கள் ஏறத் தொடங்கினார்கள். இயக்குநர் இருபதடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். அவர் வாங்கினால் எல்லாரும் வாங்கினார்கள், பதவி வரிசைப்படி.

"மேல வர வர காத்து லேசாயிடுது, கவனிச்சீங்களா?" என்றார் இயக்குநர்.

"காது அடைக்குது சார்" என்றார் பங்கேற்பு அலுவலர்.

குளத்துக் கரைமேல் ஆடுகள் நின்றிருந்தன. அவற்றுக்கு முன்னால் நின்றது, ஒன்றுமே செய்யாமல் மற்றதையெல்லாம் பின்னால் வரவைப்பதால் வீட்டில் மேனேஜர் என்று கூப்பிடப்படும் கிடா. இயக்குநர் வியந்தார். "இவ்வளவு உயரத்துக்கு ஆடுகள் எப்படி வருது?"

"பழகிடுச்சுங்க" என்றாள் ஆட்டுக்காரரின் மனைவி.

"இங்கேருந்து பாருங்க, ரெண்டு வடிநிலமும் தெரியுது!"

"சமதரையில நின்னா எல்லாந்தான் தெரியும்" என்று முணுமுணுத்தாள். ஆட்டுக்காரர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பேச வேண்டிய நேரம் இதுதான் என்று முன்னால் வந்தார். அதற்குள் இயக்குநர் கையை உயர்த்தினார்.

"பத்து வருஷம்! இந்த முகட்டில் ஒரு பலகைகூட இல்லை! ஏறி வருகிறவன் எப்படி அறிவான், தான் ஏறியிருக்கிறான் என்று?"

அலுவலகத்தில் கரையைத் தொட ஏழு கையெழுத்து வேண்டும். பலகைக்கு ஒன்று போதும். யார் பெயர் அதில் வருமோ அவருடையது. இயக்குநர் அங்கேயே, ஓட்டுநரின் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பலகை முகட்டின் உச்சியில்தான் நிற்க வேண்டும். வரைபட அதிகாரி படத்தை விரித்து அளந்து, பத்தடி நடந்து, நின்றார். உச்சி, உடைப்பின் நட்டநடுவில் இருந்தது.

"உச்சியில் என்ன இவ்வளவு பெரிய பள்ளம்?" என்றார் இயக்குநர்.

"காற்றரிப்பு சார்" என்றார் வரைபட அதிகாரி, யாரையும் பார்க்காமல்.

"அப்படியானால் அடித்தளம் பலமாக வேண்டும். முகட்டுப் பலகைக்கு நிர்ணயித்த அளவே போடுங்கள். பதினான்கு அடி நீளம், ஆறடி கனம், கருங்கல், இடையில் களிமண்."

"ஐயா, அது வந்து உடைப்பு, அதுலதான்..." என்று ஆட்டுக்காரர் தொடங்கினார். மனைவி அவர் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

"பதினாலு அடிங்களா?" என்று கேட்டாள் அவள் பவ்யமாக. "ரெண்டு பக்கமும் மண்ணைக் கடிச்சு உக்காரட்டும் சார். உயரமும் கரை மட்டத்துக்கு வரட்டும். இங்க காத்து பேய்க்காத்து. பலகை சாஞ்சா உங்க பேருல்ல சாயும்?"

இயக்குநர் அவளை மெச்சுதலோடு பார்த்தார். "இதுதான் மக்கள் பங்கேற்பு" என்றார். பங்கேற்பு அலுவலர் அவளைப் படம் எடுத்துக்கொண்டார்.

பதினெட்டு நாளில் வேலை முடிந்தது. கொத்தனார்கள் கல் அடுக்க, ஆட்டுக்காரரும் ஆறு மேய்ச்சல்காரர்களும் களிமண்ணை மிதித்துக் கொடுத்தார்கள். இம்முறை ஜீப்காரர் நிழலில் நின்று, "அங்க இன்னும் ரெண்டு கூடை" என்று உற்சாகப்படுத்தினார். மேலே பலகை ஏறியது. இயக்குநரின் பெயர் ஓரடி எழுத்தில். அதன்கீழ் சின்ன எழுத்தில், 'மடிப்பு முகடு. நீர்ப்பிரி எல்லை. இங்கு நீர் தேங்குவதில்லை.' ரிப்பன் வெட்டி மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

நல்ல மழை. நாலு நாள் விட்டு விட்டுப் பெய்ததில் குளம் விளிம்புவரை ஏறி நின்றது. மேனேஜர் முதலில் போய் வாய் வைத்தது, பின்னால் எழுபத்தொன்று. ஆட்டுக்காரர் கரையில் குந்தி உட்கார்ந்து, அவை குடிக்கிற சத்தத்தை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கண்ணுல என்ன?" என்றாள் மனைவி.

"காற்றரிப்பு" என்றார்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பலகையைப் படம் எடுக்க வந்த பங்கேற்பு அலுவலர், தண்ணீர் கல்லடுக்கின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். நேர்மையான பெண்மணி. வாராந்திர நீர்மட்டப் படிவத்தில் 'மடிப்பு முகடு: உச்சி வரை நீர்' என்று எழுதி அனுப்பினார். படிவம் வெள்ள அபாயப் பிரிவுக்குப் போயிற்று. அங்கே ஒருவர் கணக்குப் போட்டார். முகட்டின் உயரம், அலுவலகத் தரையிலிருந்து தொண்ணூறு அடி. உச்சி வரை நீர். ஆகவே இரண்டு மாடி அலுவலகக் கட்டடம், மொட்டைமாடித் தொட்டி உட்பட, அறுபத்தைந்து அடி ஆழத்தில் மூழ்கியிருக்கிறது.

கட்டடத்தில் அப்போது ஐம்பது பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் நனையவில்லை. ஆனால் ஆணை வந்துவிட்டது: உயிரும் கோப்புகளும் உடனே மேட்டுப் பகுதிக்கு. அந்த வட்டாரத்தில் படத்தின்படி ஒரே மேட்டுப் பகுதி எது என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை இரண்டு லாரிகள் குளத்தருகே வந்து நின்றன. ஒன்றில் கோப்புகள், ஒன்றில் ஆட்கள். எல்லாரும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள். பின்னாலேயே டிராக்டரில் ஒரு ரப்பர் படகு வந்தது. ஆட்டுக்காரரின் மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இயக்குநர் லாரியின் மேலேயே நின்று பேசினார். "அன்பர்களே! இப்படியொரு வெள்ளத்தை இந்தப் பகுதி கண்டதில்லை. ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. ஒருவர்கூட நனையவில்லை. இதைவிட நல்ல வெள்ள மேலாண்மையை யாராவது காட்ட முடியுமா?"

கைதட்டிவிட்டு எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். விதி தெளிவாக இருந்தது: முகட்டில் நீர் முழுதும் வடிந்ததாகச் சான்று வரும்வரை அலுவலகம் திறக்கக் கூடாது. சம்பளம் மட்டும் வெள்ளத்தால் பாதிக்கப்படாது.

கடைசியாகப் போன வரைபட அதிகாரியை ஆட்டுக்காரர் நிறுத்தினார். "சார், மத்த ஆறு மேய்ச்சல்காரங்க குளத்துலயும் கரை நெஞ்சு பிளந்து கிடக்கு. மண்ணு போடணும்னா யாரைக் கேக்கணும்?"

"கேக்கறதுக்கு ஆபீஸ் எங்க இருக்கு? அறுபத்தஞ்சு அடிக்கு அடியிலல்ல இருக்கு" என்றார் அவர், மிதவைச் சட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே. பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "சீக்கிரம் போடுங்க" என்றார்.

போட்டார்கள். ஆறு குளம், பன்னிரண்டு நாள், எந்த வண்ணத்திலும் ஓர் அட்டைகூட எழுதாமல். மழையின் இரண்டாவது சுற்று வந்தபோது ஏழு குளத்திலும் தண்ணீர் நின்றது.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலை, வரைபட அதிகாரி வீட்டிலிருந்து போன் செய்கிறார். பின்னணியில் குழந்தைகளின் சத்தமும் குக்கர் விசிலும் கேட்கும்.

"என்ன ஆச்சு? வெள்ளம் வடிஞ்சுதா?"

ஆட்டுக்காரர் பொறுப்பாகக் குளத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறார். "இல்லீங்க சார். இன்னும் நிக்குது."

"அப்பாடா" என்கிறார் அதிகாரி.